இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு நாய்

நாய் குரூமிங் பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் இரண்டு படங்கள் ஜோடியாக வந்து நிற்கும். இடது பக்கம் கண்ணே தெரியாமல் முடி வளர்ந்து, காதோரம் சடை பிடித்து, அழுக்குத் துணி மாதிரி ஒரு குட்டி நாய். வலது பக்கம் அதே நாய், வட்ட முகம், பளபளக்கும் கண்கள், கழுத்தில் ஒரு ரிப்பன். நாமும் 'அடடா' என்று சொல்லி ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம்.

அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கிறது. குளியல், டிரையர், சீப்பு, கிளிப்பர், கத்தரி, நகவெட்டி எல்லாமே அந்த நேரத்துக்குள்தான் வந்துபோகின்றன. நாய் பயந்ததா, தூங்கியதா, நடுங்கியதா என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. படத்தில் மட்டும் அது இருக்காது. சின்ன நாய் குரூமிங்கை நாம் மதிப்பிடுகிற முறையில் உள்ள கோளாறு எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு.

ஒரு போட்டி நிகழ்ச்சி

இந்த இரட்டைப் படத்தையே ஒரு முழு நிகழ்ச்சியாக நீட்டினால் என்ன கிடைக்கும்? 'பூச் பெர்ஃபெக்ட்' கிடைக்கும். முதலில் ஆஸ்திரேலியாவில் 2020-ல் வந்தது. 2021 ஜனவரியில் பிபிசி தன் பதிப்பை ஒளிபரப்பியது, தொகுத்தவர் ஷெரிடன் ஸ்மித். அதே ஆண்டு மார்ச் கடைசியில் அமெரிக்காவில் ஏபிசி-யில் வந்தது. ஆஸ்திரேலியாவில் தொகுத்த ரெபல் வில்சனே அங்கேயும் தொகுத்தார். நான் பேசப்போவது இந்த அமெரிக்கப் பதிப்பைப் பற்றி.

அமைப்பு நமக்குப் பழகியதுதான். சமையல் போட்டி, பாட்டுப் போட்டி எல்லாம் எப்படியோ அப்படித்தான். 10 குரூமர்கள், கூடவே உதவியாளர்கள். வாரா வாரம் சவால்கள், ஓடுகிற கடிகாரம், கடைசியில் நாய்களை ஒரு மேடையில் நடக்கவிட்டு நடுவர் தீர்ப்பு. வாரம் ஒருவர் வெளியே. ஜெயித்தவருக்கு 1,00,000 டாலர். நடுவர்கள் மூன்று பேர்: தொலைக்காட்சிப் பிரபலம் லிசா வாண்டர்பம்ப், பெயர்பெற்ற குரூமர் ஹோர்கே பெண்டெர்ஸ்கி, கால்நடை மருத்துவர் காலி ஹாரிஸ்.

மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். நடுவர் மேசையில் ஒரு கால்நடை மருத்துவரை உட்கார வைத்திருக்கிறார்கள். 'நாயின் நலமும் எங்களுக்கு முக்கியம்' என்று அந்த நாற்காலியே சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு வேறு கதை சொல்கிறது. தீர்ப்பு எப்போது வருகிறது? வேலை முடிந்த பிறகு. எதைப் பார்த்து? மேடையில் நடந்து வருகிற நாயின் உருவத்தை, நிறத்தை, வெட்டின் ஒழுங்கை. அத்தனை வேலையும் கடிகாரத்துக்குக் கீழே நடக்கிறது. வேகமாகவும் அழகாகவும் முடித்தவர் ஜெயிக்கிற அமைப்பு அது.

சமையல் போட்டிக்கு இது பொருந்தும். வெங்காயத்துக்குப் பயம் கிடையாது. அவசரமாக நறுக்கினாலும் நிதானமாக நறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான். நாய் அப்படியா? 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று யாரோ கத்தும்போது கத்தரி பிடித்த கை வேகமாகும். கை வேகமானால் பிடி இறுகும். பிடி இறுகினால் நாய்க்குத் தெரியும். நாய் நெளிந்தால் பிடி இன்னும் இறுகும். குரூமிங் மேசையில் நடக்கிற விபரீதங்களில் பெரும்பகுதிக்கு இந்தச் சின்ன வட்டம்தான் ஆரம்பம்.

அந்த நிகழ்ச்சியில் நாய்களைக் கொடுமை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே வந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள், கத்தரி அவர்கள் கையில் பேனா மாதிரி ஓடுகிறது. என் குறை வேறு. நல்ல குரூமர் யார் என்று கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. அந்த வாய்ப்பில், பார்க்க வேண்டியதை விட்டுவிட்டுப் பார்க்க எளிதானதைக் காட்டினார்கள்.

'இயற்கையா விட்டுடலாமே?'

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். இவ்வளவு கஷ்டம் எதுக்கு, நாயை இயற்கையா விட்டுடலாமே?

விட முடியாது. பூடில், ஷிட்ஸு, மால்டீஸ், யார்க்‌ஷைர் டெரியர் இதெல்லாம் முடி நீளமாக வளர்ந்துகொண்டே போகிற இனங்கள். நாட்டு நாய்க்கு முடி ஓர் அளவு வளர்ந்து உதிரும், புதுசு வரும். இவற்றுக்கு வளர்ச்சிக் காலம் நீளம். உதிர்கிற கொஞ்சமும் கீழே விழாமல் மற்ற முடியோடு பின்னிக்கொள்ளும். சோஃபாவில் முடி கிடக்காது என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்த முடியெல்லாம் நாயின் மேலேயே சிக்காக உட்கார்ந்திருக்கிறது.

சிக்கு முற்றினால் சடை. அக்குள், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசுகிற இடம் எல்லாம் முதலில் பிடிக்கும். சடை பிடித்த முடி தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடி நடக்கும்போதும் யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. அடியில் ஈரம் தங்கும், புண் வரும், உண்ணி ஒளியும். அந்த நிலையில் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டினால் போச்சு, ஈரம் பட்டுக் காய்ந்ததும் சடை இன்னும் கெட்டியாகும். அதனால்தான் 'முதலில் சீப்பு, பிறகு தண்ணீர்' என்பது குரூமர்களின் பால பாடம்.

நாய்த் தோலின் மேலடுக்கு நம்முடையதைவிட மெல்லியது. சடையைத் தோலோடு ஒட்டி எடுக்கும்போது கத்தரியை உள்ளே விட்டால் முடி எது, தோல் எது என்று தெரியாது. கிளிப்பர் பிளேடு ஓட ஓடச் சூடேறும், அதைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் நாயின் வயிற்றில் சூடு வைத்துவிடுவார். ஆக, இது அலங்கார விஷயமே இல்லை. தன் முடியைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஓர் உயிரை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். அதற்கான வாழ்நாள் பராமரிப்பு நம் கடன்.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. பொமரேனியனுக்கு இரட்டை அடுக்கு முடி. 'வெயிலுக்கு நல்லது' என்று ஒட்ட வழித்துவிட்டால் சில நாய்களுக்கு முடி திரும்ப ஒழுங்காக வளராமலே போய்விடும், அல்லது திட்டுத் திட்டாக வளரும். வழிக்காமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலின் அறிவுதான்.

பூடில் என்கிற சாட்சி

அழகு எப்படி நாயை மறைத்தது என்பதற்குப் பூடிலைவிட நல்ல சாட்சி இல்லை. பூடில் முதலில் தண்ணீர் வேட்டை நாய். சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருவது அதன் வேலை. அதன் பெயரே தண்ணீரில் சளசளப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. நீந்த எளிதாகப் பின்னுடலை மழித்து, நெஞ்சுக்கும் மூட்டுகளுக்கும் குளிர் தாங்க முடியை விட்டார்கள் என்று பூடில் வெட்டுக்குக் காரணம் சொல்வது வழக்கம். அப்புறம் பூடில் பிரான்சின் செல்லமாகியது. பாரிஸில் சேன் நதிக் கரையிலும் பாலத்தடியிலும் உட்கார்ந்து நாய்க்கு முடிவெட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உண்டு. நம் ஊரில் மரத்தடியில் கண்ணாடி மாட்டி முடிதிருத்துகிற மாதிரி, அங்கே நாய்க்கு.

வேலைக்காக வந்த வெட்டு, வேலை போன பிறகும் நின்றுவிட்டது. இன்று அமெரிக்கக் கென்னல் கிளப் விதிப்படி 12 மாதத்துக்குக் குறைந்த பூடிலைக் 'குட்டி வெட்டில்' காட்டலாம். அதற்கு மேல் வழக்கமான போட்டிப் பிரிவுகளில் 'இங்கிலீஷ் சேடில்', 'கான்டினென்டல்' என்ற இரண்டில் ஒன்றுதான். மூட்டுக்குப் பஞ்சு உருண்டை, வால் நுனியில் ஒரு குஞ்சம். 10 அங்குல உயரத்தைத் தாண்டாத டாய் பூடிலுக்கும் இதே விதி. மடியிலேயே வாழ்கிற அந்த நாய் எந்தக் குளத்தில் இறங்கி எந்த வாத்தைப் பிடிக்கப் போகிறது?

2024-ல் நியூயார்க்கில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் சேஜ் என்ற கறுப்பு மினியேச்சர் பூடில் முதலிடம் பெற்றது. நடத்திச் சென்றவர் காஸ் ஹோசாகா. 2002-லும் இன்னொரு மினியேச்சர் பூடிலோடு அதே பரிசை வாங்கியவர். ஓய்வு பெறும் ஆண்டில் மறுபடியும் ஜெயித்தார். அந்தக் காணொளியைப் பார்த்தால் சேஜ் மிதந்து போகிற மாதிரி இருக்கும். அந்த முடி அலங்காரத்தின் பின்னால் எத்தனை மணி நேரம் மேசையில் நின்றிருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த நாய்க்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

2019-ல் ரெபெக்கா ஸ்டெர்ன் இயக்கிய 'வெல் க்ரூம்டு' என்ற ஆவணப்படத்திலும் இதையே பார்த்தேன். நாய்களுக்குச் சாயம் பூசி, முடியைச் செதுக்கி, உடம்பையே ஓவியமாக்குகிற அமெரிக்கப் பெண்கள் சிலரைப் பற்றிய படம். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் நடக்கும் பெரிய குரூமிங் போட்டியும் அதில் வரும். வண்ணத்தைப் பார்த்ததும் முகம் சுளிக்கத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் படம் ஓட ஓட ஒன்று புரியும்: பெரும்பாலும் அவை அவர்கள் வீட்டு நாய்கள். குட்டியிலிருந்து மேசையில் நின்று பழகியவை. தொடுகிற கை யாருடையது என்று அவற்றுக்குத் தெரியும்.

அந்தப் படம் 'பூச் பெர்ஃபெக்ட்'டைவிட நேர்மையானது என்று சொல்வேன். அதில் நடு நேரம் இருக்கிறது. வீட்டுக்கூடத்தில் சாயம் பூசிக்கொண்டே பேசுகிறார்கள், நாய் கண் மூடிக் கிடக்கிறது, வீட்டுக்காரர் சலிக்கிறார். படத்தின் குறை என்னவென்றால், இப்படிப் பழகாத நாய்க்கு இதே வேலை என்னவாக இருக்கும் என்ற கேள்விப் பக்கமே அது போகவில்லை. போட்டி நாயை வைத்துக்கொண்டு தெருமுனைப் பார்லருக்கு வருகிற நாயை எடைபோட முடியாது. அதுக்கு மேசையும் புதுசு, கையும் புதுசு, சத்தமும் புதுசு.

பலகையில் எழுதியிருக்கிற வாக்கு

பெரும்பாலான குரூமிங் கடைகள் தரும் வாக்கு ஒன்று உண்டு: எல்லா வயதுச் சின்ன நாய்களுக்கும், எல்லாக் குணமுள்ள நாய்களுக்கும். சொல்வது எளிது. இந்த வாக்கை நிஜமாகவே காப்பாற்றுவதானால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற பருவம் 3 வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12, 14 வாரத்தோடு சுருங்கிவிடும். அந்த வயதில் நல்லபடியாகப் பழகியது ஆயுளுக்கும் வரும், பயந்ததும் அப்படியே வரும். அதனால் முதல் குரூமிங் என்பது முடிவெட்டே அல்ல. மேசையில் ஏறி நிற்பது, ஓடுகிற கிளிப்பரின் பின்பக்கத்தை உடம்பில் வைத்து அதிர்வைக் காட்டுவது, ஒரே ஒரு நகம் வெட்டுவது, வாயில் ஒரு தின்பண்டம், அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் வீட்டுக்கு. தடுப்பூசி எந்த அளவு முடிந்திருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதுவரை வீட்டிலேயே பாதத்தையும் காதையும் தொட்டுப் பழக்கலாம். அந்த இருபது நிமிடத்துக்கு 'பின்' படம் கிடையாது. குட்டி வந்த மாதிரியேதான் வீட்டுக்குப் போகும். ஆனால் அடுத்த பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக் குரூமிங்கின் தலையெழுத்து அந்த நேரத்தில்தான் எழுதப்படுகிறது.

இன்னொரு கோடியில் கிழட்டு நாய். சின்ன இனங்கள் நீண்ட காலம் வாழும், 14, 15 வயதெல்லாம் சாதாரணம். கண்ணில் புரை, காது மந்தம், மூட்டு வலி. அதைச் சத்தமில்லாமல் பின்னாலிருந்து தொட்டால் தூக்கிவாரிப் போடும். வழுக்குகிற மேசையில் நிற்கவே அதற்கு வலிக்கும். இதற்கு வழுக்காத விரிப்பு வேண்டும், நடுநடுவே படுக்கவிட வேண்டும், இன்று குளியல், இன்னொரு நாள் நகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பஞ்சு மாதிரி உருண்டை முகம் வெட்ட ஆசைப்பட்டால், அந்த ஆசையை விட வேண்டும். குட்டையாக, சீராக, சுத்தமாக இருந்தால் போதும்.

இனி குணம். இங்கேதான் எனக்குப் பெரிய சண்டை. 'இது கோவக்கார நாய்', 'இது அடம்', 'இது கடிக்கும்' என்று சொல்லப்படுகிற நாய்களில் எத்தனை நாய்க்கு நிஜமாகவே எங்கோ வலிக்கிறது? சின்ன நாய்களின் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசல்ல. பின்னங்கால் முட்டிச் சில்லு இடம் நழுவுவது டாய் இனங்களில் சகஜம். பாதம் வெட்ட வசதியாகக் காலைப் பக்கவாட்டில் அகட்டித் தூக்கினால் அதற்கு உயிர் போகும். பொமரேனியன், யார்க்‌ஷைர், சிவாவா, டாய் பூடில் வகைகளில் மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்குகிற நோய் வரும். அவற்றைக் கழுத்துச் சுருக்குக் கயிற்றில் நிறுத்தினால் இருமும், மூச்சு முட்டும். பல் நோய் சின்ன நாய்களில் மிக அதிகம். வாய் ஓரம் தொட்டால் சீறுகிற நாய்க்குக் கோபம் என்று நினைப்பதற்கு முன் பல்லைப் பார்க்க வேண்டும். ஷிட்ஸு, பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சிரைப்பதே பெரிய வழி. அதுவே அவற்றுக்குச் சிரமம். அவற்றைச் சூடான டிரையர் கூண்டில் விட்டுவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போனால் உயிருக்கே ஆபத்து.

சத்தமும் உண்டு. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்போம், நாய் 45,000 வரை கேட்கும். நமக்கே காது அடைக்கிற டிரையர் அதற்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'சின்ன நாய்தானே'

நான் கடைசியாக வந்து சேர்ந்த இடம் இது. 40 கிலோ ராட்வைலர் மேசையில் உறுமினால் எல்லோரும் நிறுத்துவார்கள். யோசிப்பார்கள், முதலாளியைக் கூப்பிடுவார்கள், மருத்துவரிடம் கேட்பார்கள். 4 கிலோ நாய் உறுமினால்? சிரிப்பார்கள். 'ஐயோ, கோவத்தப் பாரு!' ஒரு கையால் முகவாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலையைத் தொடர்வார்கள். பெரிய நாயோடு பேச்சுவார்த்தை, சின்ன நாயோடு பலம். காரணம் எளிமையானது: சின்ன நாயை அமுக்க முடியும்.

கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிவது, உடம்பு விறைப்பது. இதெல்லாம் நாய் 'வேண்டாம்' என்று சொல்கிற வார்த்தைகள். ஒவ்வொன்றும் கேட்கப்படாமல் போகும்போது அது அடுத்த, சத்தமான வார்த்தைக்குப் போகும். கடைசி வார்த்தை பல். அந்தக் கடைசி வார்த்தைதான் நம் குறிப்பேட்டில் 'கடிக்கிற நாய்' என்று ஏறும். முன்னால் சொன்ன பத்து வார்த்தைக்கும் பதிவே இல்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சோஃபியா யின் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2009-ல் நாய் பூனைகளைப் பயமுறுத்தாமல் கையாளுவது பற்றி ஒரு பெரிய பாடநூலே எழுதினார். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று படம் படமாகக் காட்டினார். அவர் 2014-ல் இறந்துவிட்டார், அவர் போட்ட பாதை நிற்கிறது. பிரிட்டன் பயிற்சியாளர் சிராக் படேல் சொல்லித்தந்த 'பக்கெட் விளையாட்டு' இன்னும் அழகு. ஒரு டப்பாவில் தின்பண்டம் இருக்கும். நாய் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கும். பார்வையைத் திருப்பினால் வேலை உடனே நிற்கும். திரும்பப் பார்த்தால் தொடரும். நிறுத்துகிற உரிமை தன்னிடம் இருக்கிறது என்று நாய்க்குப் புரிந்ததும், அது நிறுத்துவதே குறைந்துபோகும். நமக்கும் அப்படித்தானே? பல் மருத்துவர் 'வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்' என்று சொன்னால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

நேரம், காசு, கை

'எல்லாம் சரி, இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?' நியாயமான கேள்வி. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. முதுகு போகும், மணிக்கட்டு போகும், மூக்கில் முடி ஏறும், கடியும் வாங்க வேண்டும். நாய்க்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துச் சம்பளம் வாங்குகிறவரிடம் போய் 'பொறுமையாப் பண்ணுங்க' என்று சொல்வது, அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாம் தர்மம் பண்ணுகிற மாதிரி. மெதுவாகச் செய்ய வேண்டும் என்றால் மெதுவாகச் செய்வதற்குக் காசு கொடுக்க வேண்டும். மூன்று மாதம் சீப்பே காட்டாமல் சடையாக்கிக் கொண்டுபோய்விட்டு, 'முடியக் குறைக்காதீங்க, டெடி பேர் மாதிரி வேணும்' என்று கேட்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சடையை இழுத்து இழுத்துப் பிரித்து அழகைக் காப்பாற்றுவதைவிட, ஒட்ட வெட்டிவிட்டுப் புதிதாக வளர விடுவதுதான் இரக்கம். அந்த இரக்கம் படத்தில் அசிங்கமாகத் தெரியும், அதுதான் சிக்கல்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்த அமெரிக்காவிலேயே நிலைமை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நியூ ஜெர்சியில் குரூமர்களுக்கு உரிமம் கட்டாயமாக்க 'பிஜூ சட்டம்' என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பிஜூ 2011-ல் குரூமிங்குக்குப் போய் உயிரோடு திரும்பாத ஒரு ஷிட்ஸு. மசோதா பல முறை வந்தும் சட்டமாகவில்லை. அதனால் இப்போதைக்கு நாய்க்குக் காவல், குரூமரின் மனசாட்சியும் முதலாளியின் கண்ணும்தான்.

சென்னையிலும் இப்போது வீட்டு வாசலுக்கே குரூமிங் வேன் வருகிறது. அடுக்குமாடிக்கு அடுக்குமாடி ஷிட்ஸு இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்து அரண்மனையில் வளர்ந்த முடியோடு அது நம்முடைய மே மாதத்தைக் கடக்கிறது. நம் ஊரில் இந்தத் தொழிலே இளசு, அதனால் பழக்கங்கள் இன்னும் இறுகவில்லை. 'மேடம், நீங்க வெளிய உக்காருங்க, நீங்க இருந்தா அது செல்லம் கொஞ்சும்' என்பது அடிக்கடி கேட்கிற வாக்கியம். சில நாய்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கண்ணாடிக் கதவு வழியாகவாவது பார்க்க விடுகிற கடைக்கும், திரை போட்டு மூடுகிற கடைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வேறு மாதிரி மதிப்பெண்

ஒரு விமர்சகனாக 'பூச் பெர்ஃபெக்ட்'டிடம் நான் கேட்பது கடிகாரத்தை எடுத்துவிடச் சொல்லி அல்ல. மதிப்பெண் பட்டியலை மாற்றச் சொல்லித்தான். மேசைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் வால் எப்படி இருந்தது என்பதற்குப் பாதி மதிப்பெண். அதை அந்தக் கால்நடை மருத்துவர் போடட்டும். நாய் 'போதும்' என்று சொன்னதும் பாதி வெட்டில் கத்தரியைக் கீழே வைத்தவருக்கு அந்த வாரம் பரிசு. ஒரு முன்னங்கால் உருண்டையாக, இன்னொன்று கசங்கியபடி மேடையில் நடந்து வருகிற நாயைப் பார்த்து அரங்கம் கைதட்ட வேண்டும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்தக் கைதட்டல் எதற்கு என்று வீட்டிலிருந்து பார்க்கிற ஒரு சிறுவனுக்குப் புரிந்துவிட்டால், அந்த நிகழ்ச்சி வந்ததற்கு அர்த்தம் உண்டு.

அந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி வரும்வரை, நம் கையில் இருப்பது ஒரு கேள்விதான். நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது பெரும்பாலும் நாம் போனை எடுத்துப் படம் பிடிப்போம், 'சூப்பரா பண்ணியிருக்கீங்க' என்போம், காசு கொடுப்போம். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'உள்ள எப்படி இருந்தான்? எதுக்குப் பயந்தான்?' என்று கேளுங்கள். 'நல்லா இருந்தான் சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அடுத்த கடையைப் பாருங்கள். 'இடது பின்னங்காலத் தூக்கினா மட்டும் சுருக்குன்னு இழுத்துக்கறான், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அதனால அந்தக் கால்ல நகம் வெட்டல' என்று ஒருவர் சொன்னால், வெட்டு கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, அவரை விட்டுவிடாதீர்கள்.